கையை மட்டும் என்று கேட்டவன்

போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் மீன் மார்க்கெட்டுக்கு இறங்கும் சாலையில், செல்போன் ரிப்பேர் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவில் விஜயகுமாரியின் தையல் கடை இருக்கிறது. இரண்டு மிஷின், ஒரு இஸ்திரி மேசை, சுவரில் ஒரு நீளக் கண்ணாடி. பதினோரு வருஷமாக என் ரவிக்கைகளை அவர்தான் தைக்கிறார். நான் அரசுப் பள்ளியில் வேலை செய்வதால் எனக்கு அங்கே பெயர் டீச்சர். அவரை நான் விஜயா என்று கூப்பிடுவேன். மற்ற எல்லோருக்கும், பெங்காலிப் பெண்களுக்கும் தெலுங்குப் பெண்களுக்கும் ராஞ்சிக்காரர்களுக்கும், அவர் 'தீதி', அதாவது அக்கா.

விஜயா பிறந்தது நிக்கோபாரின் கச்சால் தீவில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். அப்பாவும் அம்மாவும் கச்சாலின் ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தார்கள். சுனாமி வந்தபோது விஜயாவுக்கு இருபத்து மூன்று வயது. அப்பாவும் தங்கையும் அலையோடு போனார்கள். அம்மாவையும் இவரையும் கப்பலில் ஏற்றி போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள்.

அந்த முகாமைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லியிருக்கிறார். நான்கு நாளாக ஒரே நைட்டியில் இருந்திருக்கிறார். தோள்பட்டையில் அது கிழிந்து தொங்கியது. நிவாரணமாகக் கொடுத்த வாளிக்கு வரிசையில் நின்றபோது ஒருவன் வந்து படம் எடுத்தான். இவர் கையால் தோளை மூடினார். அவன் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி எடுத்தான். ஏழெட்டு மாதம் கழித்து நிவாரணச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனால், சுவரில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் காலண்டர். ஆகஸ்ட் மாதத்துக்கு மேலே விஜயா. கிழிந்த நைட்டி, தோள், அதை மூடப் போகும் கை. கீழே 'நம்பிக்கை' என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சடித்திருந்தார்கள்.

"கிளார்க் என்னையும் பாத்தான், காலண்டரையும் பாத்தான். 'அரே, ஆப் ஹீ ஹோ க்யா?'ன்னு கேட்டான். நீங்கதானான்னு. பக்கத்து டேபிள்காரன எல்லாம் கூப்புட்டுக் காட்டுனான் டீச்சர். சிரிக்கிறானுங்க. எங்கப்பா செத்து வருஷம் திரும்பல."

அதற்குப் பிறகு அவர் படம் எடுத்துக்கொண்டதே அபூர்வம். கல்யாணத்தில்கூட நாலே நாலு படம்தான். கணவர் சந்திரமோகன் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை செய்கிறார். மாதத்தில் பாதி நாள் கடலில்தான்.

இப்படிப்பட்டவர் ஒவ்வொரு ஜனவரியும் தீவுக் கலை விழாவுக்குப் போவார். மூன்று நாள் விழா. ஒவ்வொரு சமூகமும் தன் ஆட்டத்தைக் கொண்டுவரும். உடை பாதிக்கு மேல் விஜயா தைத்ததாக இருக்கும். மைதானத்துக்குப் பின்னால் உள்ள பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறைகளைப் பெண்களுக்கு ஒப்பனை அறையாகக் கொடுப்பார்கள். ஊசி, நூல், ஊக்கு, கத்தரிக்கோலோடு விஜயா காலை ஒன்பது மணிக்கே அங்கே உட்கார்ந்துவிடுவார். கடைசி நிமிஷத்தில் தெறிக்கும் கொக்கிகளுக்கும் அவிழும் மடிப்புகளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

விழாவோடு ஒரு புகைப்படப் போட்டியும் உண்டு. அதற்காகவே மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஹேவ்லாக் தீவில் நாலு நாள் தங்கிக் குளித்துவிட்டு, கழுத்தில் இரண்டு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்து சேர்வார்கள். அவர்கள் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆடி முடித்து மூச்சிரைக்க நிற்கும் பெண்ணின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை நீட்டுவார்கள். நிக்கோபாரிக் குழுவில் ஆடிய ஒருவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னான் ஒருவன். அப்போதுதான் இயற்கையாக இருக்குமாம். அந்த மனிதர் ஒரு வங்கியில் அதிகாரி. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டார். இவன் விடாமல் பின்னாலேயே ஓடினான். முகத்தில் ஒப்பனை பூசிய பெங்காலிக் குழந்தை ஒன்று வெயில் தாங்காமல் அழுதது. நாலு பேர் சுற்றி மண்டியிட்டு அழுகையைப் படம் எடுத்தார்கள். ஒருவன்கூடத் தண்ணீர் கொடுக்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், விழாவின் முதல் நாள். தமிழ்ச் சங்கத்தின் கும்மிக் குழுவுக்கு மூன்று மணிக்கு மேடை. பன்னிரண்டு பெண்கள். அறையின் ஒரு மூலையில் கயிறு கட்டி, இரண்டு புடவைகளைத் திரையாகத் தொங்கவிட்டு, அதன் பின்னால் உடை மாற்றினார்கள். எதிர்ச்சுவரில் யாரோ இரவல் கொண்டுவந்த ஆளுயரக் கண்ணாடி. விஜயா கதவுக்கு அருகே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். வாயில் நாலைந்து குண்டூசிகள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அதுவே அவருக்கு ஆச்சரியம். யாரும் தட்டுவதில்லை. வெளியே ஒரு இளைஞன், முப்பது வயதிருக்கும், சுத்தமான கதர் சட்டை. உள்ளே காலை வைக்கவில்லை.

"அக்கா, தொந்தரவு பண்றேனா? என் பேரு ஹரிஹரன். மெட்ராஸ். நீங்க தைக்கிறதைப் பார்த்துட்டே இருந்தேன். உங்க கையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கலாமா?"

விஜயா வாயிலிருந்த குண்டூசிகளைக் கையில் துப்பிக்கொண்டார். "கையவா? கையில என்னா இருக்கு?"

"எவ்வளவு வேலை செஞ்ச கை அக்கா அது. முகம் வராது. சத்தியமா கை மட்டும்தான். வேணாம்னா போயிடறேன்."

வேணாம்னா போயிடறேன். இருபது வருஷத்தில் கேமரா வைத்திருந்த ஒருவனும் அவரிடம் சொல்லாத வார்த்தை. விஜயா திரும்பி அறையைப் பார்த்தார். பெண்கள் பெரும்பாலோர் முழுசாக உடுத்தித் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் அந்த நேரம் ஒருத்தி மட்டும் இருந்தாள். வாசலிலிருந்து பார்த்தால் திரை ஒழுங்காக மூடியிருந்தது.

"இங்கனயே வாசல்லயே உக்காந்து எடுத்துக்குங்க. உள்ளுக்கு வரக்கூடாது."

"வரமாட்டேன் அக்கா."

வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, சொன்ன சொல் மாறாமல் எடுத்தான். இரண்டு நிமிஷத்தில் கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினான். விரல், ஊசி, சிவப்பு நூல். நகக்கண்ணில் இருந்த பழைய வடுகூடத் தெரிந்தது. விஜயாவுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலையில் குனிந்தார். அவன் எப்போது போனான் என்று கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கடைக்குப் போன என்னிடம் அதைத்தான் சொன்னார். "கேட்டுட்டு எடுத்தான் டீச்சர். நல்ல வளர்ப்பு."

மறுநாள் மதியம் போட்டி முடிவு வந்தது. பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி. தேர்ந்தெடுத்த படங்களைத் துணி போன்ற கேன்வாஸில் பெரிதாக அச்சடித்து, மரச்சட்டத்தில் அடித்துச் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்கள். முதல் பரிசு ஹரிஹரனுக்கு. நாலடி உயரப் படம். முன்னால் விஜயாவின் கை, சிவப்பு நூல். பின்னால் மங்கலாக அறை, பெண்கள், ஒரு கண்ணாடி. நான் அதன் முன்னால் நின்று ரசித்தேன். இதைச் சொல்லாமல் விடக்கூடாது, ரசித்தேன். வண்ணம் நன்றாக இருந்தது, தெரிந்தவரின் கை. என் போனில் அதைப் படம் எடுத்து, 'வாழ்த்துகள் விஜயா!' என்று எழுதி அனுப்பியும் வைத்தேன்.

ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"டீச்சர், கண்ணாடியப் பாத்தீங்களா?"

"எந்தக் கண்ணாடி?"

"படத்துல டீச்சர். கண்ணாடிக்குள்ள யாருன்னு பாருங்க."

போய்ப் பார்த்தேன். அறை மங்கலாக இருந்தது, கண்ணாடிக்குள் இருந்தது மங்கலாக இல்லை. வாசலிலிருந்து தெரியாத ஒரு திரை இடுக்கு வழியாக, பின்னால் இருந்த பெண் தெரிந்தாள்; கைகளைத் தூக்கி ரவிக்கைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். முதுகும் விலாவும் மார்பின் ஒரு பக்கமும் வெறுமையாக இருந்தன. யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாகத் தெரிந்தது. ஊருக்கு வெளியே கராச்சர்மாவிலிருந்து கும்மிக்கு வரும் பிரியங்கா. ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள், இருபத்தைந்து வயது. எனக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர்கள் பார்த்தது வேறு. ஒருவன் போனில் விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். என் போனிலும் அதே படம் இருந்தது. அழித்தேன். அழித்த பிறகும் கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

விஜயா கடையை அடைத்துவிட்டு நேரே கராச்சர்மா பஸ்ஸில் ஏறினார். பிரியங்காவுக்கு யாரோ சொல்லித் தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். பஸ் போவதற்குள் படம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டு, கீழே சிரிக்கிற முகமும் நெருப்பும் போட்டிருந்தார்கள்.

பிரியங்கா வீட்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"நீங்கதான தீதி கதவுகிட்ட உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"நீங்கதான அவன எடுக்கச் சொன்னீங்க?"

"என் கையத்தான் கேட்டான் பிரியங்கா. கண்ணாடி இப்படிக் காட்டும்னு நான்..."

"உங்க கைய நீங்க குடுத்தீங்க. என்னை யாரு குடுத்தா?" அவள் அழவில்லை. அதுதான் விஜயாவுக்குத் தாங்கவில்லை. "லேப்ல ரத்தம் எடுக்க வர்றவன் என் கையப் பாக்க மாட்டான் இனிமே. போங்க தீதி. ப்ளீஸ், போங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் விஜயாவுக்குத் தன் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்திருக்கிறது. முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வந்தேன் என்றார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஹாலுக்குப் போனோம். நானும் கூடப் போனேன். விழாவுக்குக் கலைச் செயலாளர் நந்தகுமார். சிமெண்டு வியாபாரம், தமிழ்ச் சங்கத்திலும் பொறுப்பு. மதியம் ஒரு பெரிய அதிகாரி கண்காட்சியைப் பார்க்க வருகிறார் என்பதால் வெள்ளை வேட்டி கட்டி, சந்தனம் இட்டுக்கொண்டு நின்றார். ஹரிஹரனும் இருந்தான். அதே சுத்தமான கதர் சட்டை, வேறு நிறம்.

"அக்கா!" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தான். "உங்க கைக்குத்தான் பரிசு."

விஜயா அவனைத் தாண்டி நந்தகுமாரிடம் போனார். "அண்ணே, இந்தப் படத்த இறக்கிருங்க. அதுல ஒரு பொட்டப்புள்ள துணி மாத்துது."

நந்தகுமார் படத்தைப் பார்த்தார். முதல் முறை பார்ப்பவரைப் போலப் பார்த்தார். நன்றாக, நிதானமாக, கண்ணாடி இருந்த பக்கத்தையே பார்த்தார். எனக்கு அவருடைய முகத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும் போல இருந்தது.

"இதுல என்னம்மா இருக்கு? கலைக்கண்ணோட பாக்கணும். மூணு ஜட்ஜுங்க, டெல்லி, கல்கத்தாவுல இருந்தெல்லாம் வந்து குடுத்த பிரைஸ். சாஹிப் ஒரு மணிக்கு வர்றாரு. இப்ப நடுவுல இருந்து எடுத்தா இடம் காலியாத் தெரியும்."

"அந்தப் புள்ளைகிட்ட யாரு கேட்டா?"

"பப்ளிக் ஃபங்க்ஷன்ல ஆட வந்தவதான? மேடையில ஆயிரம் பேரு பாக்கத்தான் செய்றான்."

"மேடையில பாவாட தாவணியோட ஆடுனா. இது ரூமு."

ஹரிஹரன் குறுக்கே வந்தான். குரல் தேனாக இருந்தது. "அக்கா, நான் கவனிக்கவே இல்ல. உங்க கையிலதான் ஃபோகஸ். பின்னாடி ஏதோ விழுந்திருக்கு. சத்தியமா ஆக்ஸிடென்ட்."

விஜயா எட்டாவது வரை படித்தவர். படத்துக்குக் கீழே ஒரு அட்டையில் ஹரிஹரன் தன் படத்தைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தான். அவர் குனிந்து விரலை வைத்து, எழுத்துக் கூட்டாமல், எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"'திரை மறைப்பதைக் கண்ணாடி கொடுத்துவிடுகிறது. இந்தக் கொடைக்காக நாற்பது நிமிடம் காத்திருந்தேன்.'" நிமிர்ந்தார். "நாப்பது நிமிஷம். நான் குனிஞ்சு கொக்கி வெச்சுக்கிட்டு இருந்தேன். நீ வாசல்ல உக்காந்து அந்தப் புள்ள கைய தூக்குறதுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்க."

ஹாலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஹரிஹரனின் முகத்தில் முதல்முறையாக அந்தப் பணிவு கழன்றது.

"அக்கா, உங்களுக்கு இது புரியாது."

"என்னா புரியாது?"

அவன் நந்தகுமாரைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். நந்தகுமார், "சோடோ, விடு, சாயங்காலம் பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு வாசல் தோரணத்தைச் சரிபார்க்கக் கிளம்பினார்.

விஜயா தோளில் மாட்டியிருந்த பையைக் கீழே வைத்தார். விழாவுக்கு எடுத்துப்போகும் அதே பை. கும்மிப் பாவாடையில் மிச்சமான பச்சைத் துணி ஒரு துண்டு அதில் இருந்தது. எடுத்துக் கண்ணாடி இருந்த இடத்தில் வைத்து அளவு பார்த்தார். கத்தரித்தார். சாக்குத் தைக்கும் கனத்த ஊசியில் நூலைக் கோத்து, படத்தின் கேன்வாஸில் நேராகக் குத்தி இறக்கினார். 'டப்' என்று ஒரு சத்தம். சட்டத்தின் பின்னால் இடது கையை விட்டு ஊசியை வாங்கி, மறுபடி முன்னால் தள்ளினார். பிரியங்காவின் மேல் துணியை வைத்து ஓரம் அடித்தார். அவசரப்படவில்லை, மேல் பக்கம் முடித்துப் பக்கவாட்டுக்கு வந்தார்.

நந்தகுமார் தோரணத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏய், என்ன பண்ற? பைத்தியமா? பிரைஸ் வாங்குன படம்மா அது! யாராவது புடிங்கப்பா!"

யாரும் பிடிக்கவில்லை. நான் அவருக்கும் விஜயாவுக்கும் நடுவில் போய் நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கிளிக், கிளிக், கிளிக். ஹரிஹரன் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, கேமராவைக் கண்ணில் வைத்திருந்தான்.

"அப்படியே இருங்க அக்கா. ஊசியை இழுங்க. சூப்பர். ஐயோ, சூப்பர்."

கோபத்தோடு எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான். தன் படத்தை ஒருத்தி குத்திக் கிழிக்கிறாள் என்ற வருத்தம் துளியும் இல்லை. இன்னொரு படம் கிடைத்துவிட்டது. விஜயா திரும்பினார். "எடுக்காத" என்றார். கிளிக். "எடுக்காதன்னு சொல்றேன்." கிளிக். அவர் கையால் முகத்தை மூடினார். அவன் பக்கவாட்டில் நகர்ந்தான்.

ஊசி படத்தில் தொங்க, விஜயா வாயைப் பொத்திக்கொண்டு ஹாலின் பக்கக் கதவு வழியாக ஓடி, படிக்கட்டுக்குக் கீழே வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனேன். வாயைக் கொப்பளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"ஜரவா ஆதிவாசிங்க இருக்குற ரோட்டுல போர்டு வெச்சிருக்காங்க டீச்சர், போட்டோ எடுத்தா ஜெயில்னு. அங்ககூட திருட்டுத்தனமா எடுக்கிறானுங்க. நம்மள எடுக்கிறதுக்குத் திருட்டுத்தனமே தேவையில்ல பாருங்க. வாசல்ல உக்காந்து, அக்கான்னு கூப்புட்டு எடுத்துட்டான்." முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுந்திரிங்க. பாதித் தையல்ல நிக்குது," என்று உள்ளே போனார். ஆனால் அதற்குள் நந்தகுமார் இரண்டு ஆட்களை வைத்துப் படத்தைத் தூக்கி உள்ளறையில் போட்டுப் பூட்டியிருந்தார். அந்தக் கேவலமான சுவரில் ஓர் இடம் காலியாகத்தான் தெரிந்தது. வந்த அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. சமோசா சாப்பிட்டுவிட்டுப் போனார்.

படம் இறங்கியதோடு அது முடியவில்லை. சாயங்காலமே ஹரிஹரன் இணையத்தில் புதிய படத்தைப் போட்டான். கேன்வாஸில் ஊசி ஏற்றும் விஜயா, பற்களைக் கடித்த முகம். 'என் படத்துக்கு எதிராக ஒரு தீவுப் பெண்ணின் கலகம். தலைவணங்குகிறேன்' என்று எழுதியிருந்தான். பக்கத்திலேயே பழைய படமும், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக. நூற்றுக்கணக்கானவர்கள் பாராட்டியிருந்தார்கள். துணிச்சலான கலைஞன், தன்னை விமர்சித்தவளையே கொண்டாடுகிறான் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். எனக்குப் போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

நந்தகுமார் இரண்டு நாள் கழித்துச் சங்கத்தில் சமாதானக் கூட்டம் போட்டார். சமாதானம் என்பது, படத்தைச் சேதப்படுத்தியதற்கு விஜயா மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், சங்கம் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளும் என்பது. பிரியங்காவை அவர் அழைக்கவே இல்லை. "அந்தப் பொண்ணு பேரு வெளிய வரக்கூடாதுன்னுதான்," என்று விளக்கம் சொன்னார். பேர் வெளியே வந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே கதவைத் திறந்துகொண்டு பிரியங்கா வந்தாள். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டோடு, டியூட்டியிலிருந்து நேராக.

"கம்ப்ளைன்ட் குடுத்துட்டேன் அங்கிள். அவன் மேலயும், மாட்டி வெச்ச கமிட்டி மேலயும். எறக்கச் சொல்லிக் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு பதினஞ்சு பேரு கேட்டிருக்காங்க."

நந்தகுமாரின் சந்தனம் வியர்வையில் வழிந்தது. அவள் விஜயாவைப் பார்த்தாள். "தீதி, சாட்சி எழுதித் தர்றீங்களா?"

"இப்பவே வாறேன்," என்று விஜயா எழுந்தார்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் உதவி ஆய்வாளர் வாக்குமூலம் எழுதிக்கொண்டார். "அவனை யாரு அனுமதிச்சது?" என்று இந்தியில் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் விஜயாவின் கையைத் தொட்டேன். யோசித்துச் சொல்லட்டும் என்று. அவர் யோசிக்கவில்லை.

"நான்தான். கைக்குக் குடுத்தேன். என் கைக்கு."

அது அப்படியே எழுதப்பட்டது. ஹரிஹரனின் வக்கீல் இப்போது பிடித்துக்கொண்டிருப்பதும் அதையேதான்: உள்ளே இருந்தவரே அனுமதித்திருக்கிறார். விஜயாவுக்கு இது நடக்கும் என்று தெரியும். தெரிந்தேதான் சொன்னேன் என்கிறார். பொய் சொல்லித் தப்பித்தால் தனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். வழக்கு நடக்கிறது. ஹரிஹரன் முன்ஜாமீன் வாங்கிவிட்டான். கோர்ட் சொன்ன பிறகு தன் இணையப் பக்கத்திலிருந்து இரண்டு படத்தையும் எடுத்தான். மற்றவர்கள் எடுத்துவைத்துக்கொண்டதை யார் எடுப்பது? பரிசை விழாக்குழு திரும்பப் பெறவில்லை. அதற்கு விதிமுறை இல்லையாம்.

அடுத்த ஜனவரியில் ஆறு குழுக்களின் பெண்கள் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒப்பனை அறைகள் இருக்கும் கட்டடத்துக்குள் கேமராவோ போனோ வரக்கூடாது, யாரைப் படம் எடுத்தாலும் அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகுதான் போட்டிக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் யாரும் மேடை ஏற மாட்டோம் என்று. பெங்காலிக் குழுவில் எழுதத் தெரிந்த பெண் இந்தியில் எழுதினாள். விஜயா கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிய எழுத்தில் முதல் கையெழுத்தைப் போட்டார். குழு ஒப்புக்கொண்டது. நந்தகுமார் வாசலில் 'அனுமதி பெற்றுப் படம் எடுக்கவும்' என்று பலகை வைத்தார். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வேட்டியோடு நின்று, பின்னால் நடந்துபோன பெண்களையும் சேர்த்து, தன்னைப் படம் எடுக்கச் செய்து பத்திரிகைக்குக் கொடுத்தார். அதில் இருந்த ஒரு பெண்ணிடமும் அவர் கேட்கவில்லை. நான் விஜயாவிடம் பேப்பரைக் காட்டியபோது, "கோழி சுத்த வெச்சுக்குங்க," என்று பக்கத்துக் கோழிக்கடைக்காரியிடம் நீட்டிவிட்டார்.

பிரியங்கா இப்போது ஆடுவதில்லை. கும்மிக் குழு இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அதே லேபில். ஒரு முறை ரத்தம் எடுக்க அவள் ஊசியை ஏற்றும்போது எவனோ படத்தைப் பற்றிப் பேச, ஊசியை எடுத்துவிட்டு அவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பினாளாம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள் என்று கேள்விப்பட்டேன். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

போன மாதம் நான் கடையில் இருந்தபோது அவள் வந்தாள். புதுக் கோட் ஒன்று தோளில் பெரிதாக இருக்கிறதாம், பிடித்துத் தர வேண்டும். விஜயா அளவெடுத்தார். தோள், கை நீளம். இருவரும் அளவைத் தவிர எதுவும் பேசவில்லை.

"வியாழக்கிழமை வாங்கிக்கிறியா?"

"சனிக்கிழமைதான் லீவு தீதி."

"சரி. சனிக்கிழமை."

அவள் போன பிறகு, ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா குடிச்சிருப்பா," என்றார் விஜயா. "எனக்குத்தான் இன்னும் வாய் வரல." சனிக்கிழமைக்கான அந்தக் கோட்டை மடித்து, முதலில் கைக்கு வரும்படி, வியாழக்கிழமை தர வேண்டிய துணிகளுக்கு மேலே வைத்தார்.